சொல்லக்கூடாத களிமண்

செம்பூரில் ஒருவர் இருக்கிறாராம், அணு ஆபீஸில் வேலையாம், இருட்டில் வைத்தால் அவருடைய சாப்பாட்டு டப்பா பச்சையாக மின்னுமாம் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை வாங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், சயானில் மளிகைக் கடை வைத்திருக்கும் இன்னொருவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று உடனே கேட்காதீர்கள். வதந்தியிடம் தகப்பன் பெயர் விசாரிப்பது நாகரிகமல்ல. ருஷ்யாவில் அணு உலை வெடித்து ஒரு வருஷம் போல ஆகியிருந்தது. பம்பாய் ஜனங்கள் வெண்ணெய்ப் பொட்டலத்தைக்கூட இது எந்த தேசத்து மாடு என்று புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த காலம். டப்பா மின்னும் என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

டப்பா மின்னவில்லை. அதில் தயிர் சாதமும் நார்த்தங்காயும் இருந்தன. ஆனால் டப்பாவுக்குச் சொந்தக்காரர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்காமல் இருப்பதுதான் அவருடைய இனத்தின் முதல் அடையாளம்.

இந்த இனத்துக்குச் சொல்லக்கூடாதவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அணு ஆபீஸில் மட்டும்தான் இது வளரும் என்று நினைக்க வேண்டாம். மந்திரி ஆபீஸில் ஃபைல் தூக்குகிறவர்களிடையே உண்டு, கஸ்டம்ஸில் உண்டு, பட்ஜெட்டுக்கு முந்தின வாரம் பார்த்தால் வருமான வரி ஆபீஸ் டைப்பிஸ்ட்டுகளிலும் ஓரிருவர் திடீரென்று இப்படி ஆகிவிடுவது உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேளுங்கள். கிளார்க் என்றால் கிளார்க் என்பான், ஃபிட்டர் என்றால் ஃபிட்டர் என்பான், அதோடு விஷயம் முடிந்தது. சொல்லக்கூடாதவர் அப்படியெல்லாம் முடிக்க மாட்டார். முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் ஒரு பக்கம் துடைப்பார், மறுபக்கம் துடைப்பார், மாட்டிக்கொள்வார், ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் தேசத்தின் எல்லை தெரிவது போலப் பார்ப்பார், பிறகு, "கவர்ன்மென்ட்" என்பார். அதற்கு மேல் கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஏவுகணை இருக்கும்.

சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கும். எழுத்து அவர் நெஞ்சைப் பார்த்தபடி, வெறும் பிளாஸ்டிக் முதுகு உலகத்தைப் பார்த்தபடி. ஹார்பர் லைன் ரயிலில் யாராவது, "சார், யுத்தம் வருமா?" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார். வராவிட்டால் அவர்தான் தடுத்தார். வந்தால் அவருக்கு முன்பே தெரியும்.

நம் கையில் அகப்பட்டிருப்பவர் பெயர் கோமதிநாயகம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், குடியிருப்பு செம்பூரில் ஒரு சொசைட்டிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடி, மனைவி ஆவுடையம்மாள், ஒரே மகள் காந்திமதி. வருஷக்கணக்காக வரிசையில் காத்திருந்து வாங்கிய டெலிபோன் ஒன்று, பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தது. அதை வீட்டில் வேறு யாரும் எடுக்கக் கூடாது. அடித்தால் அவரே எடுப்பார்; உடனேயும் எடுக்க மாட்டார். கொஞ்ச நேரம் அடிக்க விட்டு, பிறகு எடுத்து, ஹலோ என்று சொல்லாமல், அந்தப் பக்கம் பேசும் வரைக்கும் மூச்சு மட்டும் விடுவார். பேசினால், "போன்ல வேண்டாம், நேர்ல பேசுவோம்" என்று வைத்துவிடுவார். கேஸ் சிலிண்டர்காரன் ஒரு தடவை அவரிடம் முகவரி கேட்டுப் போன் செய்தான். அந்த வாரம் முழுக்க ஆவுடையம்மாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தாள்.

அப்படி என்னதான் வேலை? உங்களிடம் சொல்லிவிடலாம். சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவரிடமும் யாரும் சொன்னதில்லை. கோமதிநாயகத்தின் வேலை, களிமண் உப்புவதைப் பார்ப்பது.

அணு உலை எரித்து முடித்த பிறகு மிஞ்சுகிற கழிவு இருக்கிறதே, அது லேசில் அடங்குகிற சமாச்சாரமல்ல. ஆயிரக்கணக்கான வருஷம் விஷம் குறையாமல் விழித்திருக்கும். அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுப் பெட்டியில் அடைத்து, பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறையைக் குடைந்து வைக்கலாம் என்று ஒரு யோசனை. பெட்டிக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சந்து விழுமே, அதை எதைக் கொண்டு அடைப்பது? களிமண்ணைக் கொண்டு. பானை செய்கிற களிமண் அல்ல. கட்ச் பக்கம் வெட்டி எடுக்கிற ஒரு ஜாதி, பென்டொனைட் என்று பெயர். காய்ந்திருக்கும் வரை பரம சாது. இறுக்கி அமுக்கி வில்லையாக்கி வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். என்றைக்காவது பாறை வெடிப்பு வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்ததோ, குடிக்கும், உப்பும், உப்ப இடம் இல்லாவிட்டால் சுற்றியிருப்பதை நெட்டித் தள்ளும், இருக்கிற சந்துபொந்தையெல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பது வெளியே வராது. வெளியே இருப்பது உள்ளே போகாது.

எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு நெட்டும், உப்புத் தண்ணீர் பட்டால் எவ்வளவு சோம்பும், சூட்டில் குணம் மாறுமா என்பதையெல்லாம் கண்டுபிடிக்க, எஃகு வளையத்துக்குள் ஒரு வில்லையை வைத்து, அடியில் தண்ணீர் விட்டு, மேலே கடிகாரம் மாதிரி ஒரு முள்ளைப் பொருத்தி, எதிரே ஒரு ஸ்டூலில் கோமதிநாயகத்தையும் பொருத்தியிருந்தார்கள். கழிவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அது வேறு கட்டிடம், வேறு கேட்.

இந்தப் பிரிவுக்கு மாற்றிய புதிதில், முள் முதல் தடவையாக அவர் கண்ணெதிரே ஒரு கோடு நகர்ந்தது. அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்காமல்தான் வீட்டுக்கு வந்தார். ஆவுடையம்மாள் காபியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு என்ன சோலி?" என்றாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாமனார் ஊர் முழுக்க, மாப்பிள்ளை அணுவைப் பிளக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார். மண் ஊறுவதைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றார். மறுநாள் காலை பால் பூத்தில் விஷயம் பரவியது. மாலையில் அடுத்த வீட்டுக் கிட்டு மாமா அவரைப் பார்த்து முதல் தடவையாக எழுந்து நின்றார்.

இப்படித்தான் ஒரு சொல்லக்கூடாதவர் பிறக்கிறார். மற்றதை ஊர் வளர்க்கும்.

காந்திமதிக்கு ஒரு வரன் வந்தது. சயான் மளிகைக் கடை பிரம்மநாயகத்தின் மகன் நம்பிராஜன், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம். ஜாதகம் பொருந்தியது, ஊர்ப் பக்கம் பொருந்தியது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண் பார்க்க வந்த அன்று பால்கனியில் நின்று கொஞ்ச நேரம் பேசிய இரண்டு பேருக்கும் பொருந்தியது. அன்று முதல் காந்திமதி, கோட்டைப் பகுதியில் இருக்கும் தன் ஆபீஸுக்குப் போகிற ரயிலை மாற்றிக்கொண்டாள். பழைய ரயிலில் கூட்டம் என்றாள். புது ரயிலிலும் அதே கூட்டம்தான். தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்ற கட்டத்தில், சயானிலிருந்து பேச்சு நின்றது.

கிட்டு மாமா வந்தார். பாலக்காட்டுக்காரர், ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர், ஊர்ச் செய்திகளில் ஓய்வு பெறாதவர்.

"பிள்ளைவாள், பதறப்படாது. சயான் பார்ட்டி உம்மைப் பத்தி என்கிட்ட விசாரிச்சா. நான் விட்டுக் குடுப்பேனா?"

"என்ன சொன்னிய?"

"நீர்தான் ஒண்ணும் சொல்றதில்லையே. அதனால நானா கொஞ்சம் அழகா சொன்னேன். வருஷக்கணக்கா அந்த உஷ்ணத்துல நின்னு தேசத்துக்கு உழைக்கற மனுஷன்னேன். டப்பாகூட ராத்திரில பளபளக்கும்னேன். ஒரு பேச்சுக்குத்தான் ஓய்."

"டப்பாவா?"

"அந்தப் பையனோட அம்மா அதைப் பிடிச்சுண்டுட்டா. அப்பா ஒடம்புல ஏறினது பொண்ணு ஒடம்புல இருக்காதா, நாளைக்குக் கொழந்தை குட்டின்னு வந்தா எப்படிப் பொறக்கும்னு கேக்கறாளாம். நீர் ஒரு வார்த்தை சொல்லிடும், சரியாயிடும். சொல்லலாமோ இல்லையோ?"

கோமதிநாயகத்தின் கை கண்ணாடிக்குப் போனது.

கதவைச் சாத்திவிட்டு ஆவுடையம்மாள் வந்து எதிரே நின்றாள். "ஏங்க, நீங்க அங்கன என்னதான் பண்ணுதிய? கண்ணாடியத் தொடைக்க வேண்டாம். வாயத் தொறந்து சொல்லுங்க."

"மண்ணு."

"எந்த மண்ணு?"

"களிமண்ணு. தண்ணி விட்டா உப்பும். எம்புட்டு உப்புதுன்னு பாப்பேன்."

"பெறவு?"

"பெறவு என்ன. மறுநாளும் பாப்பேன்."

ஆவுடையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதுக்கா பால் பூத்துல எல்லாவளும் எனக்கு முன்னால எடம் விட்டாளுவ?" என்றாள்.

உள்ளேயிருந்து காந்திமதி எட்டிப் பார்த்தாள். "பப்பா, மிட்டி? ஸிர்ஃப் மிட்டி? வெறும் மண்ணா?" சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. பிறகு சட்டென்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அவங்ககிட்ட நேரா சொல்லிடுங்க பப்பா. கதம், முடிஞ்சது" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் புது ரயிலின் விவரம் கோமதிநாயகத்துக்கு முழுக்கப் புரிந்தது.

அவர் உடனே சயானுக்குப் போன் போட்டார். பிரம்மநாயகமே எடுத்தார். இதோ சொல்லிவிடலாம், நான்கு வார்த்தை. கோமதிநாயகம் மூச்சு விட்டார். "போன்ல வேண்டாம் அண்ணாச்சி. நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார்.

சயானில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

சொன்னால் மட்டும் நம்புவார்களா? இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் திடீரென்று வெறும் களிமண் என்றால், இதைத்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் போல என்றுதானே நினைப்பார்கள்? ஆகவே காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஆபீஸ் மண்ணைத் தொடவில்லை. அதில் அவர் சுத்தம். குர்லாவில், வார்ப்படப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற கடையில் அதே ஜாதி மண் பொட்டலமாகக் கிடைக்கும். வாங்கி வந்தார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. அதை நீங்களோ நானோ செய்திருக்க மாட்டோம். நாமாக இருந்தால் ஒரு பிடி தூளைக் கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் தூவியிருப்போம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பஞ்சு போலப் பொங்க ஆரம்பித்திருக்கும், வந்தவர்கள் அட என்றிருப்பார்கள், அந்த மாதமே கல்யாணம். ஆனால் தூளாகப் போடுவது கோமதிநாயகத்துக்குக் கௌரவக் குறைச்சல். தூளைப் போட்டு உப்பவைப்பது பள்ளிக்கூட வேடிக்கை. வேலை என்றால் இறுக்க வேண்டாமா? ஒரு துண்டு இரும்புக் குழாய்க்குள் மண்ணைக் கொட்டி, ஆவுடையம்மாளின் இரும்பு உலக்கையால் சனிக்கிழமை முழுக்க இடித்தார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். கேட்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். சாயங்காலம் குழாயிலிருந்து வெளியே வந்த வில்லை கருங்கல் மாதிரி இருந்தது. அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, ஆபீஸில் இருக்கும் அமுக்கு மெஷினில் செய்தால்கூட இவ்வளவு வராது என்று அவர் ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவள் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. பிரம்மநாயகம், அவர் மனைவி பேராச்சி, பையன் நம்பிராஜன் மூன்று பேரும் வந்தார்கள். பேராச்சி நாற்காலி நுனியில், புடவை எதன்மீதும் படாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காபி வந்தது, அவளுடைய டம்ளர் மேஜையிலேயே இருந்தது. கோமதிநாயகம் கண்ணாடி டம்ளருக்குள் வில்லையைக் கச்சிதமாக இறக்கி, மேலே தண்ணீர் ஊற்றி, மேஜை நடுவில் வைத்தார்.

"இவ்வளவுதான் அண்ணாச்சி என் சோலி. பாத்துக்கிட்டே இருங்க, உப்பும்."

எல்லோரும் பார்த்தார்கள். டம்ளரில் ஒரு வில்லையும் அதன் மேல் தண்ணீரும் இருந்தன.

கோமதிநாயகம் பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷம் பேசாத பேச்சு. பாறை, பெட்டி, சந்து, கட்ச், உப்புத் தண்ணீர், முள் நகர்ந்த அந்த முதல் நாள் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் இப்படிப் பேசி ஆவுடையம்மாள் கேட்டதில்லை; வாசற்படியில் நின்றபடி அவரையே பார்த்தாள். பேசி முடித்தபோது டம்ளரில் ஒரு வில்லையும் அதன் மேல் தண்ணீரும் இருந்தன.

"எப்பம் உப்பும்?" என்றார் பிரம்மநாயகம்.

"உப்பும். நல்லா எறுக்கியிருக்கேன் பாத்தீயளா, தண்ணி உள்ள போவ வழியே கெடையாது. அதான் இதோட விசேசம்."

"உள்ள போவாட்டா எப்படி உப்பும்?"

"மெதுவா போவும்."

"எம்புட்டு மெதுவா?"

"நெசமா அங்க பாறைக்குள்ள வைக்கும்போது, முழுக்க ஊறவே நூறு வருசம் எரநூறு வருசம் ஆனாலும் ஆவும்."

பிரம்மநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நம்ம கடை உளுந்த ஒரு படி ஊறப்போட்டா, நாங்க சயான் போயிட்டு வாரதுக்குள்ள பாத்திரத்த விட்டு எறங்கி நடந்திரும்."

யாரும் சிரிக்கவில்லை. நம்பிராஜன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டான்; திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் கேட்டது.

பேராச்சி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. இம்புட்டு மண்ண எறுக்கி எதை அடைக்கப் போறாவ? உள்ள வைக்காவளே, அந்தச் சாமான், அத நீங்க தொட்டிருக்கீயளா?"

இல்லை. பார்த்ததுகூட இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான், சத்தியமும் அதுதான். திரைச்சீலையின் ஓரத்தைக் காந்திமதியின் விரல்கள் பிடித்திருப்பது கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் கை இருக்கிறதே, அது பழகிய கை. கண்ணாடியைக் கழற்றியது. ஒரு பக்கம் துடைத்தது. மறுபக்கம் துடைத்தது. மாட்டியது. கண் தன்பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே போய், மழைக்குள் தூரத்தில் எரிகிற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சுடரைப் பார்த்தது.

"அது வேற டிப்பார்ட்மென்ட்" என்றார்.

பேராச்சி எழுந்தாள். காபி ஆடை கட்டியிருந்தது. "வாரோம் மதினி" என்று ஆவுடையம்மாளிடம் சொன்னாள். "யோசிச்சுட்டுப் போன்ல சொல்லுதோம்" என்றார் பிரம்மநாயகம். நம்பிராஜன் செருப்பை மாட்டுவதற்கு வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு, மேஜையைத் திரும்பிப் பார்த்தான். "அங்கிள், இதை எடுத்துடாதீங்க. காலைல உப்பியிருந்தா எங்களுக்குச் சொல்லுங்க."

"சொல்லுதேன் தம்பி" என்றார் கோமதிநாயகம். அந்த வீட்டில் அந்த வார்த்தை அதிகம் புழங்கியதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் குளிப்பதற்கு முன்பே மேஜைக்கு வந்தார். தண்ணீரைக் காணோம். டம்ளர் விளிம்புக்கு மேலே களிமண் தலையைத் தூக்கி, மல்லிப்பூ இட்லி மாதிரி உட்கார்ந்திருந்தது. இடம் போதாமல் பக்கவாட்டிலும் நெட்டியிருக்கிறது. டம்ளர் மேலிருந்து அடி வரைக்கும் கோடு விழுந்து விரிந்திருந்தது. மேஜைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெடித்த இடத்தை மண்ணே அடைத்திருந்தது.

காந்திமதி குனிந்து பார்த்தாள். ஆவுடையம்மாளும் வந்து பார்த்தாள். "நெசமாத்தான் உப்பியிருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இத நேத்தே பண்ணியிருக்கப்படாதா?" என்றாள்.

"அதோட வேகம் அது."

"ஒங்க வேகமும் அதான்."

அப்போது டெலிபோன் அடித்தது.

இந்த நேரத்துக்கு வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? கடை திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று பிரம்மநாயகம் கூப்பிடலாம். அதில் என்ன சொல்வார் என்று உங்களுக்கும் தெரியும். உப்பியதா என்று கேட்க நம்பிராஜன் கூப்பிடலாம். அதில் என்ன சொல்வது என்று இவருக்குத் தெரிய வேண்டும். பூப்போட்ட துணிக்கு அடியில் அது விடாமல் அடிக்கிறது. ஆவுடையம்மாள் டெலிபோனைப் பார்க்கிறாள், எடுக்கவில்லை, வீட்டுச் சட்டம். காந்திமதியின் கை பாதி தூரம் போய் நிற்கிறது. "பப்பா, உட்டாவ் நா, எடுங்க" என்கிறாள், மெதுவாக.

கோமதிநாயகம் டெலிபோனிடம் போகிறார். உப்பிட்டு தம்பி, டம்ளரே வெடிச்சிட்டு, ஒரு சொட்டு ஒழுகல. அந்தச் சாமான நான் தொட்டதே இல்ல, பாத்ததுகூட இல்ல, அம்மாகிட்டச் சொல்லுங்க என்று உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறார். நன்றாகத்தான் வருகிறது. துணியை விலக்குகிறார். வலது கை ரிசீவரை நோக்கிப் போகிறது. இடது கை கண்ணாடியை நோக்கிப் போகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் கல்யாண வீட்டில் யாரோ உங்களிடம், "ஆபீஸ்ல பெரிய மாற்றமெல்லாம் வருதாமே?" என்று கேட்டபோது, ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டிய நீங்கள், ஒரு விநாடி பந்தல் காலைப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றீர்களே, அந்த ஒரு விநாடிச் சந்தில் அவர்கள் எதை இட்டு நிரப்பினார்கள் என்று விசாரித்தீர்களா? அது இந்நேரம் ஊறியிருக்கும். எந்த மார்க்கெட்டில், யாருடைய இலைக்கட்டுக்குப் பக்கத்தில் உப்பிக்கொண்டிருக்கிறதோ. போய் விசாரிக்கலாம், அவசரமில்லை. முதலில் கையில் இருக்கிற கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.